போணிக் கை

போனதே இல்லை என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது மிருணாளினி, சனிக்கிழமை காலை எல்லோருமாகப் பாரிமுனை போய்ப் பழைய கடைத்தெருக்களை நடந்து பார்க்கலாம், கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஒரு கைடு இருக்கிறார் என்றாள். யாரோ, ஐயோ அங்கேயா, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை என்றேன். வாயில் தயிர்சாதம் இருந்தது. அதை விழுங்கக்கூட இல்லை, அதற்குள் அந்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது. பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுக்கும் என்பார்கள், என் முகம் எதையும் காட்டவில்லை. பிறந்ததிலிருந்து பதினைந்து வயதுவரை இருந்த இடத்துக்குப் போனதே இல்லை என்று சொல்லிவிட்டு மாவடுவைக் கடித்தேன். அன்று இரவு அம்மாவிடம்கூட, சனிக்கிழமை ஆபீஸில் ஒரு வேலை இருக்கிறது என்றுதான் சொன்னேன். ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்றை உட்காரவைத்தாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி வராமலே இருந்திருக்கலாம். ஏன் வந்தேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அந்நியப் பெண்ணாக அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்ததோ. அப்படி இருந்திருந்தால் அது பொய்யைவிடக் கேவலம்.

கைடின் பெயர் நவாஸ். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, காதோரம் வளைந்து வரும் மைக், தலையில் தொப்பி. “எனக்கு மண்ணடிங்க. பொறந்தது, வளந்தது, பக்கத்து வீட்டு மாமாகிட்ட செருப்படி வாங்குனது எல்லாம் இங்கதான்” என்று ஆரம்பித்தார், எங்கள் கூட்டம் மொத்தமும் சிரித்து அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் அவர் பிழைப்பு, அதை மறைப்பதுதான் ரொம்ப நாளாக என் பிழைப்பு. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளைக் காட்டினார். ஒரு கடையின் உள்ளே காகிதம் வெட்டும் இயந்திரம் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது, அப்பா இருபது வருஷம் அதுபோன்ற ஒன்றின் முன்னால்தான் நின்றார், அந்தச் சத்தம் வந்ததும் என் தோள் தானாகக் கொஞ்சம் குறுகியது. புத்தி பொய் சொல்லிவிடுகிறது, உடம்புக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. முக்கியமாகக் காலுக்கு. சாக்கடை மேல் போட்ட கல்லில் எது ஆடும் எது ஆடாது என்று என் காலுக்குத் தெரியும். எந்தக் கடை வாசலில் தண்ணீர் தேங்கும் என்று தெரியும். நான் பாட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் கால் பாட்டுக்கு எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போகிறது. அதைக் கவனித்ததும் பயம் வந்துவிட்டது. அடுத்த ஆடும் கல்லில் வேண்டுமென்றே காலை வைத்தேன். சேறு கணுக்கால்வரை தெறித்தது. மிருணாளினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்த்து எழில், இங்கெல்லாம் உனக்குப் பழக்கம் இல்லையே” என்றாள். அவள் பூனேயில் வளர்ந்தவள், நல்லவள், பையிலிருந்து ஈரக் காகிதம் எடுத்து என் காலைத் துடைக்கக் குனிந்தாள். குனிந்த தலையின் வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து சரக்கு ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் மணி அடிக்கவில்லை, நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தார், அவ்வளவுதான். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் மிருணாளினியை இழுத்துக்கொண்டு ஷட்டர் ஓரம் ஒட்டிவிட்டேன். நவாஸ் என்னையே பார்த்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “மேடம் ஏரியாவுக்குப் புதுசுன்னாங்க?” என்றார். “ஆமா” என்றேன். “வண்டிக்காரர் பாஷை நல்லா வருது” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அதன்பிறகு அவரிடம் இரண்டு தரம், இது என்ன தெருங்க, இது என்ன கடைங்க என்று கேட்டேன். இரண்டு தரமும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எங்களுடையது பதினோரு குடும்பம் இருந்த வீடு. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, பின்கட்டில் எல்லோருக்குமாக ஒரு கக்கூஸ். காலையில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு வந்து பாடம் படிக்கலாம், பக்கெட் நமக்காக நிற்கும், எங்கள் பக்கெட் பச்சை, கைப்பிடிக்குப் பதில் கயிறு கட்டியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி விடுதியில் எல்லோரும் வீட்டுக் கதை பேசும்போது நான் மற்றவர்கள் கதையை நன்றாகக் கேட்பவள் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். இப்போது பெரம்பூரில் இருக்கிறோம், இரண்டு அறை, எங்களுக்கென்று ஒரு கக்கூஸ், யாராவது எந்த ஏரியா என்று கேட்டால் பெரம்பூர் என்பது பொய்யே இல்லை. அந்த வீடு இருந்த சந்துக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருக்கிறது. நவாஸ் அந்தப் பக்கம் போகமாட்டார், அங்கே பார்க்க என்ன இருக்கிறது. பழைய தூண் இல்லை, கோயில் இல்லை, வெள்ளைக்காரன் கட்டியது எதுவும் இல்லை. சந்து முனையில் மூடியே கிடக்கும் ஒரு கடையின் படியில், மரப்பெட்டி மேல் பலகை போட்டு வேதாக்கா ரிப்பன் விற்பாள், அவ்வளவுதான். ரிப்பன், ஹேர்பின், ஊக்கு, ஸ்டிக்கர் பொட்டு, ரப்பர் பேண்டு. வேதவல்லி என்பது முழுப்பெயர், ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எனக்கு ஆறு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவளிடம் முதல் ஆளாக ஒரு ஜோடி ரிப்பன் வாங்கினேன். அன்று மதியத்துக்குள் பலகை காலியாகிவிட்டதாம். மறுநாளிலிருந்து என் கைதான் போணி. என் பெயரின் பின்பாதியை மட்டும் எடுத்து, அரசி, இங்க வாடி, வந்து போணி பண்ணிட்டுப் போ என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள். தினமும் ரூபாய்க்கு எங்கே போவது. அதற்கும் அவளே வழி வைத்திருந்தாள், முந்தின நாள் சாயங்காலம் கடை கட்டும்போது ஒரு ரூபாயை என் கையில் கொடுத்து, காலையில் கொண்டுவந்து கொடு என்பாள். அம்மா கேலி செய்வாள், “ஏன் வேதா, உன் காசை எடுத்து நீயே போணி பண்ணிக்கினா சாமி ஏமாந்துடுமா?” என்று. வேதாக்கா அசரமாட்டாள். “காசு என்னுதுதான் யக்கா. கை அவளுது.”

அந்தக் கையை இப்போது குர்த்தாப் பையில் விட்டுக்கொண்டு நடக்கிறேன். வலது கை. சூடாக இருக்கிறது. போணி ஆகும்வரை வேதாக்கா டீ குடிக்கமாட்டாள், அது அவளாகப் போட்டுக்கொண்ட விதி. காலையில் கடையிலிருந்து வரும் டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மேலே மூடி போட்டு, பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் போய் ரூபாயைக் கொடுத்ததும் அதைக் கண்ணில் ஒற்றி, பலகைக்கு ஒரு சுற்று சுற்றி, பெட்டிக்குள் போட்டுவிட்டு, டம்ளர் மூடியைத் திருப்பி வைத்து அதில் எனக்கு ஒரு வாய் டீ ஊற்றுவாள். மிச்சம் அவளுக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடிப்போம். எட்டு வருஷம். ஒன்பதாம் வகுப்பில் பஸ்ஸில் வரும் இரண்டு தோழிகள் சேர்ந்துகொண்டார்கள், ஒருநாள் என்னோடு சந்துவரை வந்தவர்கள், யாருடி அது உன்னை இப்படிக் கத்திக் கூப்பிடுறது என்று கேட்டார்கள். தெரியலை, எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும் அது என்றேன். அது என்றேன், நன்றாக நினைவிருக்கிறது. மறுநாளிலிருந்து அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். ஒரு வருஷம். அரசி ஏன் இந்தப் பக்கம் வரதேயில்லை என்று வேதாக்கா என் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், அம்மா எனக்காக, பள்ளிக்கூடத்தில் காலையிலேயே ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். என் வெட்கத்துக்கு அம்மாவையும் பொய் சொல்லவைத்தேன். அந்த ஒரு வருஷம் அந்த டம்ளர் எத்தனை மணிவரை மூடியோடு இருந்ததோ. பிறகு வீடு மாறிவிட்டோம். சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது, அவள் இப்போது அங்கே இருக்கமாட்டாள், வேறெங்காவது போயிருப்பாள், இல்லை செத்துப்போய்க்கூட என்று நினைத்து, அந்த நினைப்பில் ஒரு நிம்மதி வந்தது. வந்தது நிம்மதிதான். வேறு பெயர் வைக்க முடியவில்லை. ஒருத்தி செத்திருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கடை வாசலில் நின்று என் முகத்தை நானே இருபது கண்ணாடிகளில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“லஸ்ஸி சொல்லிட்டு வரேன், முனைக் கடை. அஞ்சு நிமிஷம் இப்படியே வேடிக்கை பார்த்துக்கிட்டே வாங்க, நேரா வந்தா நான் நிப்பேன்” என்று சொல்லிவிட்டு நவாஸ் முன்னால் போய்விட்டார். நேராக என்றால் அந்தச் சந்து முனை வழியாக என்று எனக்குத் தெரியும். கூட்டத்தின் பின்னால் பதுங்கி நடந்தேன். அந்த மூடின கடை இன்னும் மூடித்தான் இருந்தது. படியில் மரப்பெட்டி, பலகை, அதே இடம். தலை பாதி நரைத்திருந்தது. மற்றபடி அவளேதான், ரிப்பன் சுருள்களை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டம்ளர். மேலே மூடி. மணி பத்தே கால். எனக்கு முதலில் கண்ணில் பட்டது முகம்கூட இல்லை, அந்த மூடிதான். மிருணாளினி, “அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு” என்று பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கருஞ்சிவப்பு ரிப்பனை எடுத்து அவிழ்த்தாள், கழுத்தில் போட்டுக்கொண்டாள், பச்சையை எடுத்தாள், இன்னொருத்தி படம் எடுத்தாள். வேதாக்கா முகம் மலர்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், “எட்த்துப் பாருங்க மேடம், சாயம் போவாது, நானே தோச்சுப் பாத்துருக்கேன்” என்றாள். யாரோ போனில் பார்த்து, ஆன்லைனில் இதைவிடக் கம்மிதான் என்றார்கள். மிருணாளினி ரிப்பனைக் கழற்றி, நல்ல பெண், சுருட்டியே வைத்தாள், தேங்க்யூ அக்கா என்று எழுந்தாள். வேதாக்கா பாதி எழுந்துவிட்டாள். “மேடம், மேடம், இன்னும் போணி ஆவல மேடம். எதுனா ஒண்ணு எட்துக்கினு போங்க. ஊக்கு ஒரு அட்டை எட்துக்கங்க, போதும்.” மிருணாளினி நின்றாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகத்தோடு என் பக்கம் திரும்பி, “எழில், போணின்னா என்ன?” என்றாள்.

அப்போதுதான் வேதாக்கா என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை. மிருணாளினி திரும்பிய திசையில் பார்த்தவள், என் முகத்தைத் தாண்டி, குர்த்தாப் பைக்குள் மணிக்கட்டுவரை புதைந்திருந்த வலது கையைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்துக்கு வந்தாள். நான் சொல்லியிருக்கலாம். போணி என்றால் முதல் வியாபாரம், அது ஆகாமல் வந்தவர்கள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போனால் அன்றைய நாளே படுத்துவிடும் என்று நினைப்பார்கள். இதைச் சொல்வதற்கு இந்தத் தெருவில் பிறந்திருக்கவே வேண்டாம், சென்னையில் எந்தக் காய்கறிக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். அதனால்தான் இன்றுவரை என்னால் அதைச் செரிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் வெளியே வந்திருக்காது. ஆனால் அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் அதன் பின்னாலேயே பச்சை பக்கெட்டும் கயிறும் வரிசையாக வந்துவிடும் என்று பட்டது. “தெரியலையே” என்றேன். தோளைக்கூட லேசாகக் குலுக்கினேன் என்று நினைக்கிறேன். மிருணாளினி, “நவாஸைக் கேட்கலாம்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வேதாக்கா எழுந்த பாதியிலேயே நின்று, மறுபடி உட்கார்ந்தாள். கலைந்த ரிப்பனை அடுக்க ஆரம்பித்தாள்.

பத்தடி போயிருப்பேன். கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நின்று, அவர்கள் முன்னால் போகட்டும் என்று விட்டு, திரும்பி வந்தேன். திரும்பி வருவது நல்ல காரியம் என்று என்னைப் பற்றி ஒரு கணம் நல்லபடியாக நினைத்துக்கொண்டேன், அதையும் மறைக்கக் கூடாது. பலகை முன்னால் நின்று வேதாக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். “ஒரு ஹேர்பின் அட்டை குடுங்க” என்று வந்தது. நோட்டை நீட்டினேன், வலது கையால். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நகத்தில் வெளிறிய ரோஜா நிறப் பாலிஷ், விரலில் ஒரு வெள்ளி மோதிரம். “போணி ஆயிடுச்சு மேடம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கடைக்கு வரும் எல்லோரிடமும் பேசும் அதே மரியாதை. “நீங்க போங்க மேடம், உங்க ஆளுங்க போறாங்க பாருங்க. உங்களுக்கு லேட்டாவுது.” நான் டம்ளரைப் பார்த்தேன். மூடி மூடியபடி இருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நோட்டு என் கையிலேயே இருந்தது. என் கை வேண்டாம் என்கிறாளா, இல்லை என்னைக் காப்பாற்றித் திருப்பி அனுப்புகிறாளா, அதுதான் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானோ. என்னிடம் மேடம் என்று இரண்டே தரம்தான் சொன்னாள், இரண்டும் வேறு வேறு இடத்தில் தைத்தது.

எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு குடோன் வாசலில் போய் நின்றேன். வெயில் ஏறிவிட்டது. போன் அடித்தது, அடித்து நின்றது. யாராவது வரட்டும், யாராவது வந்து ஓர் ஊக்கு வாங்கட்டும், அவள் டீயைக் குடித்துவிட்டால் நான் போய்விடுவேன் என்று நின்றேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று யோசித்து, எனக்காகத்தான் என்று தெரிந்தபிறகும் நின்றேன். டீயில் ஆடை படிந்திருக்கும். அவளுக்கு ஆடை பிடிக்காது, விரலால் எடுத்துச் சுவரில் தேய்ப்பாள், அந்தச் சுவரில் வரிவரியாகக் காய்ந்த தடம் இருக்கும், நான் அதைக் கொண்டு எத்தனை நாள் என்று எண்ணியிருக்கிறேன். மூன்று பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பருமனான ஓர் அம்மா, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “இன்னா வேதா, மூஞ்சி ஏன் இப்டி தொங்குது, வூட்டுக்காரு வந்துட்டாரா?” என்று சத்தமாகக் கேட்டாள். “வந்தா வெளக்குமாறு வச்சிக்கிறேன், நீ வாங்குறதை வாங்கு” என்றாள் வேதாக்கா. சிரிப்பு. இரண்டு முழம் வெள்ளை எலாஸ்டிக். நோட்டைக் கண்ணில் ஒற்றினாள், பலகைக்கு ஒரு சுற்று சுற்றினாள், பெட்டிக்குள் போட்டாள். போகலாம். அவள் மூடியை எடுத்தாள், ஆடையை விரலால் எடுத்துச் சுவரில் தேய்த்தாள், ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடிக்க ஆரம்பித்தாள். குடித்தவள் பாதியில் நிறுத்தினாள். டம்ளருக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியைத் திருப்பி வைத்து, மிச்சத்தை அதில் ஊற்றி, படியின் ஓரத்தில், தெருப்பக்கமாக வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ரிப்பன் அளக்கும் குச்சியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

தெருவின் அகலம் எட்டு அடி இருக்கும். நடுவில் சைக்கிள் போகிறது, அட்டைப் பெட்டி சுமந்த ஒருவர் போகிறார், முனையில் லஸ்ஸிக் கடை வாசலில் எங்கள் ஆபீஸ் ஆட்கள் நிற்பது தெரிகிறது, மிருணாளினி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள், நான் இந்த நிழலை விட்டு வெளியே வந்தால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் கடக்க வழி உண்டா என்று என் புத்தி அப்போதும் தேடியது. இல்லை. கால் இறங்கிவிட்டது. படியில், சாக்குப் பையின் மேல், சின்ன வயதில் டீ குடிக்க உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன், இப்போது முழங்கால் பலகையில் இடித்தது. மூடியை எடுத்தேன். சின்னதாக இருந்தது அந்த ஒரு வாய், அப்படியே ஊற்றிக்கொண்டேன். ஆறியிருந்தது, ஒரே தித்திப்பு. வேதாக்கா குச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “எழில்! எங்கேடி போயிட்டே, எல்லாரும் தேடறோம்” என்று மிருணாளினி கையில் லஸ்ஸி டம்ளரோடு வந்து நின்றாள். என்னையும், சாக்கையும், கையிலிருந்த மூடியையும் பார்த்தாள். “இவங்களை உனக்குத் தெரியுமா?” நான் தலையைத் தூக்குவதற்குள் வேதாக்கா பேசிவிட்டாள். “எனக்கு எங்கம்மா தெரியும். தலை சுத்துதுன்னு நின்னாங்க, பாவம், ஒரு வாய் டீ குடுத்தேன். கூட்டினு போங்கம்மா, வெயிலு ஒத்துக்கல அவங்களுக்கு.” நல்ல பொய். பழுதே இல்லை. நான் பேசக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும், மிருணாளினி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விடுவாள். வாயில் டீ அப்படியே இருந்தது. அன்றைக்குத் தயிர்சாதத்தை விழுங்காமலே சொல்ல முடிந்தது. இதை விழுங்காமல் பேச முடியாது. விழுங்கினேன். “வேதாக்கா” என்றேன், மிருணாளினிக்குக் கேட்கும்படி.